வாசல் மாற்றிய வீட்டுக்கு வரி

அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள்:

முத்துராக்கு. அந்த வீட்டில் குடியிருக்கிற அம்மா. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கிற கடை வைத்திருந்தது. வீட்டுக்காரர் உயிரோடு இல்லை.

செல்லப்பாண்டி. அந்த அம்மாவுக்குக் கொழுந்தன். பாலவனத்தத்தில் வீடு, விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார்.

கொத்தனார். கரண்டி, தூக்குக்குண்டு, நூல்.

எதிர்வீட்டு வாத்தியார். ரிட்டயர் ஆனவர். அவரை யாரும் கூப்பிடவில்லை.

நான். பேரூராட்சி பில் கலெக்டர். கையில் அளக்கிற டேப்.

அவ்வளவு பேர்தான். செங்கல் முதல் நாளே வந்து இறங்கிவிட்டது. சுவர் எந்த இடத்தில் வர வேண்டும் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் டேப்பைப் பார்த்தேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் எட்டாவது வரைதான். பியூனாகச் சேர்ந்து பில் கலெக்டராக ரிட்டயர் ஆனவன். எழுதிப் பழக்கம் இல்லை. ரசீது போடுவது, கம்ப்யூட்டரில் எங்கே அமுக்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். இந்த ஒரு வீட்டு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். இதில் நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊர் பேர் வேண்டாம். அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினால் நடுவில் வரும். கரிசல் காடு. பஸ் ஸ்டாப்பில் ஒரு வேம்பு, ஒரு டீக்கடை. உங்களுக்கு அது போதும்.

வீட்டு வரியைக் கூட்டின வருஷம் அது. நான் அந்த வார்டுக்கு மாறினதும் அந்த வருஷம்தான். நோட்டீஸ் கொடுக்கப் போனால் சேர் எடுத்துப் போடுவார்கள். நோட்டீசைப் படித்ததும் சேரை எடுத்துவிடுவார்கள்.

ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பருத்தி வெல ஏறல. மல்லி வெல ஏறல. குடியிருக்க வீட்டுக்கு மட்டும் எப்படிய்யா ஏறுது?" என்றார்.

"நான் ஏத்தலங்கய்யா."

"நீ ஏத்தலன்னா ஏத்துனவுகள வரச் சொல்லு. நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன்."

இன்னொரு வீட்டில் அந்த அம்மா காரை பேர்ந்த சுவரைக் காட்டியது. "இந்தா, இந்தச் செவத்தையும் பேத்து எடுத்துட்டுப் போங்க. வீடு சின்னதானா வரி கொறையும்ல?" என்றது. சிரிக்காமல்தான் சொன்னது.

எனக்கு முன்னால் அந்த வார்டைப் பார்த்த பில் கலெக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "வையுறவன் கட்டிருவான். வஞ்சு முடிக்கிற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு நில்லு. முடிச்சுட்டு உள்ள போயி ரூவா எடுத்துட்டு வருவான். நடுவுல நீ வாயத் தொறந்தியோ, ரூவா உள்ளேயே இருந்துக்கிரும்." அது நூற்றுக்கு நூறு உண்மை. அப்படித்தான் நானும் ஓட்டினேன். கட்ட மாட்டேன் என்கிறவர்களைப் பற்றி அவர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான்தான் கட்டுவேன், எதிராளியைக் கட்ட விடாதே என்று ரெண்டு பேர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அவருக்கு அப்படி வாய்த்திருக்காது.

முத்துராக்கு முதலில் வந்தது வையத்தான்.

ரெண்டு நோட்டீசைக் கவுண்டரில் விரித்து வைத்தது. கையில் தவிட்டு வாசம்.

"அண்ணே, இது எந்த ஊரு நியாயம்? ஒரு வீடு. ஒரு அடுப்பு. நான் ஒருத்தி. வரி மட்டும் ரெண்டா?"

பார்த்தேன். ஒன்று கடைத்தெரு, பழைய நம்பர், மாமனார் பேரில். இன்னொன்று பக்கத்து முடுக்குச் சந்து, புது நம்பர், முத்துராக்கு பேரில்.

"ரெண்டும் வேற வேற தெரு, தாயி."

"தெரு வேறதான். வீடு ஒண்ணுதானண்ணே. ஒரு பக்கம் கூட்டிருக்கீக, வயித்தெரிச்சல். அதையும் ரெண்டு தடவ கூட்டுனா எப்படி?"

போய்ப் பார்த்தேன். வீடு ஒன்றுதான். கடைத்தெருப் பக்கம் தெற்கு. அங்கே வாசல் இருந்த இடம் அடைத்துப் பூசியிருந்தது. நிலை இருந்த அச்சு மட்டும் பூச்சில் தெரிந்தது. மேலே தகரத்தில் பழைய நம்பர். கிழக்கே முடுக்கில் புது வாசல்.

"தெக்கு வாசல் ஆகாதுன்னாக," என்றது. "அவுகளுக்குச் சொகமில்லாமப் போனப்ப. பாக்காத வைத்தியம் இல்ல. கடைசியில ஒருத்தரு வந்து வாசல மாத்துன்னாரு. அடைச்சுட்டுக் கெழக்க தொறந்தோம்."

"அப்புறம்?"

"வாசலு நல்ல வாசல்தான். அவுகதான் இல்ல."

நான் தகரத்தில் இருந்த பழைய நம்பரை எழுதிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். வரி கூட்டுவதற்கு முன்னால் வீடு அளக்க வெளியூர்ப் பையன்கள் வந்தார்கள். முடுக்கில் ஒரு வாசல், நம்பர் இல்லை. யார் பேர் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த அம்மா தன் பேரைச் சொல்லியிருக்கிறது. புது வீடு என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார்கள். நம்பர் இருக்கிறது, வாசல் இல்லை. ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டார்கள். ரெண்டு தடவையும் முழு வீட்டையும் அளவாகப் போட்டுவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வாசலை வைத்துத்தான் வீட்டை எண்ணச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கம் வாசலை இடம் மாற்றி வைப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

"ஒரு மனு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ண எடுத்துரலாம்," என்றேன்.

"எது பெருசோ அத எடுத்துருங்கண்ணே," என்றது.

மறுநாள் மனுவோடு வந்தது. அன்றோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஹெட் கிளார்க் அம்மா பழைய நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது.

"இதுக்கு வரி கட்டியாச்சே," என்றது.

"நான் கட்டலயே," என்றது முத்துராக்கு.

"ஆன்லைன்ல கட்டியிருக்கு. போன வருஷமும் கட்டியிருக்கு." என்னிடம்தான் சொன்னது, ஆனால் ஆபீசே கேட்கிற மாதிரி. அங்கே பதிந்திருந்த போன் நம்பரையும் வாசித்துவிட்டது.

முத்துராக்கு அந்த நம்பரைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்தது.

"அது எங்க கொழுந்தனாரு நம்பரு. அவுக எதுக்குண்ணே எங்க வீட்டுக்கு வரி கட்டுறாக?"

எனக்குத் தெரியவில்லை. ஹெட் கிளார்க் அம்மாவுக்கும் தெரியவில்லை.

"அந்த மனுவக் குடுங்க," என்றது முத்துராக்கு. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டது. "அந்தப் புது நம்பரு யாரு பேர்ல இருக்குன்னீக?"

"உங்க பேர்லதான்."

"அப்ப அதுக்குக் கட்டிர்றேன். பாக்கியெல்லாம் சேத்து. ரசீது போடுங்க."

"தாயி, நேத்துதான் அநியாயம்னீக."

"அநியாயந்தான். போடுங்க."

தம்பிகளா, நான் குழம்பினது இந்த இடத்தில்தான். வரி ஏறிப்போச்சு என்று முட்டிக்கொண்டு வந்த ஆள், தப்பாக விழுந்த வரியைத் தானே கேட்டுக் கட்டுகிறது. வாங்குவதா, வேண்டாமா? ஹெட் கிளார்க் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியது. மார்ச் மாதம். வசூல் குறைவு. வருகிற ரூபாயை யார் வேண்டாம் என்பார்கள். ரசீது போட்டாகிவிட்டது.

அந்த வாரமே செல்லப்பாண்டி வந்தார். சட்டை கசங்காத ஆள். சத்தமாகப் பேச மாட்டார்.

"மதினி எதுக்குண்ணே ஆபீஸ்ல வந்து அழுதுச்சாம்?"

"அழுகல."

"அப்பா பேர்ல வரி பாக்கின்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. ஜப்தின்னு போட்டிருந்துச்சு. செத்தவரு பேருக்கு ஜப்தியான்னு கட்டுனேன். இதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, பங்கு கேக்க வந்துட்டான்னு நெனப்பாக."

"கேக்கீகளா?"

யோசித்தார். "கேக்கல. ஆனா எனக்கு இல்லன்னும் எழுதித் தர மாட்டேன்," என்றார். பிறகு குனிந்து, "மதினி பேர்ல தனியா ஒரு நம்பரு ஓடுதாமே. அது தப்பாப் போட்டதுதான? எடுத்துருங்கண்ணே. ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு வரி?"

முத்துராக்கு முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இப்போது இவர் கேட்கிறார். அவர் கேட்டது சட்டப்படி சரி. அந்த நம்பர் தப்பான நம்பர்தான். எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் எடுத்தால் அந்த அம்மா பேர் போட்ட தாள் ஒன்றுகூட அந்த வீட்டுக்கு இருக்காது. மாமனார் பேரில் வீடு. புருஷன் இல்லை. ஒரே மகளைப் பாளையம்பட்டியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நாளைக்கு இவர் வந்து விற்க வேண்டும் என்று நின்றால் அந்த அம்மா எங்கே போகும்? இவர் அப்படிச் செய்கிற ஆளா? எனக்கு எப்படித் தெரியும். முகத்தைப் பார்த்து வரி போட முடியாது.

ரெண்டு பேரையும் ஒரே நாளில் வரச்சொல்லி ஆபீசில் உட்கார வைத்தேன்.

"இங்க பாருங்க. வரி ரசீது வீட்டுக்குப் பத்திரம் ஆகாது. நீங்க கட்டுனதால உங்க வீடு ஆயிராது. அவுக கட்டுனதால அவுக வீடும் ஆயிராது. வரி வரிதான்."

முத்துராக்கு சிரித்தது. "என்னண்ணே சொல்றீக? கரண்ட் ஆபீஸ்ல வீட்டு வரி ரசீது கேக்குறாக. லோனுக்குப் போனா அங்கயும் கேக்குறாக. ஊரே கேக்குது. நீங்க மட்டும் ஒண்ணும் இல்லங்கிறீக. ஒண்ணும் இல்லாத தாளுக்கா இம்புட்டு ரூவா வாங்குறீக?"

செல்லப்பாண்டி, "மதினி சொல்றது நாயந்தான்," என்றார். அந்த ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் ஒற்றுமை.

நான் அவர்களை ஈ.ஓ. அறைக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசுச் செயல் அலுவலர். நல்ல மனுஷன். அன்றைக்கு மேலிடத்திலிருந்து போன்மேல் போன். ஒரு வீட்டுக்கு ரெண்டு நம்பர் ஓடுகிறதை எல்லாம் மாத முடிவுக்குள் சரிபண்ண வேண்டும் என்று உத்தரவு. இவர்கள் ரெண்டு பேரும் எதிரெதிரே நின்று, அதை எடு, இதை எடுக்காதே என்று மாறி மாறிச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை.

"ஒரு வீடுன்னா ஒரு நம்பர். உங்களுக்கு ரெண்டு நம்பர் வேணும்னா எனக்கு ரெண்டு வீடு காட்டுங்க," என்றார்.

போய் வாருங்கள் என்பதற்கு வேறு மாதிரி சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அப்படித்தான் பட்டது.

அவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் வண்டி ஸ்டாண்டு பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை. அந்த அம்மா கையை இப்படி வெட்டிக் காட்டியது. அவர் தலையை ஆட்டினார். மறுநாள் கடைத்தெருவில் செங்கல் லோடு நிற்கிறது. பத்திர ஆபீசில் பாகப்பிரிவினை எழுத நாள் பார்த்தாகிவிட்டது. முதலில் சுவர், பிறகு பத்திரம் என்று முடிவாம்.

ஈ.ஓ.விடம் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்தார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா," என்றார்.

"செங்கல் வந்துருச்சு சார்."

"அப்ப போயி அளந்துட்டு வாங்க. தனித்தனி வீடுன்னா அப்படியே எழுதுங்க. இல்லன்னா புது நம்பர எடுத்துருங்க. நாளைக்கு எனக்கு ரிப்போர்ட் வேணும்."

இப்படித்தான் நான் அந்த ஹாலுக்கு வந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள் என்று சொன்னேன்.

"நான் கோடு போட மாட்டேன்," என்றேன். "நீங்க போடுற கோட்ட அளந்து எழுதத்தான் வந்தேன்."

வாத்தியார் விடவில்லை. "டேப்ப வச்சிருக்கவரே சொல்லலன்னா யாரு சொல்றது? பிள்ளையாரா?"

"நீங்க சும்மா இருங்க சார்," என்றார் செல்லப்பாண்டி. பிறகு முத்துராக்கைப் பார்த்து, "மதினி, அடுப்படி உங்க பக்கம். அந்த ரெண்டு ரூமும் உங்க பக்கம். எனக்கு அந்தத் தெக்கு ரூமும் ஹால்ல பாதியும் போதும். வாசல அங்கிட்டுத் திரும்பத் தொறந்துக்கிறேன்," என்றார்.

பெரிய பங்கை அந்த அம்மாவுக்கு விடுகிறார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"தெக்கு வாசல் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் கேக்கீகளா?"

"எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த வாசல்லதான் போனாரு, வந்தாரு. எண்பதத் தாண்டித்தான் போய்ச் சேந்தாரு."

அந்த அம்மா கொத்தனாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. வாத்தியாரும்.

கொத்தனார் நூலைக் கட்டினார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். கோடு போட மாட்டேன் என்றேன், ஆனால் பிடித்தேன். பிடிக்காமல் எப்படி இருப்பது, கையில் கொடுத்துவிட்டார்கள்.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது கொத்தனார் கரண்டியை வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. தண்ணிக் குழாயி அந்தப் பக்கம் போகுதே. தெரிஞ்சுதான் பிரிச்சீகளா?"

யாருக்கும் தெரியவில்லை. குழாய் தெற்கு ரூமுக்குப் பின்னால் மூலையில் இருந்தது. அடுப்படி இந்தப் பக்கம். இத்தனை நாள் நடந்து போய்த் திறந்தார்கள், அதனால் எண்ணமே வரவில்லை. நம் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிற அன்றைக்கு ஆள் நிற்க வேண்டும். புதுக் குழாய் என்றால் டெபாசிட், தெருவைத் தோண்ட அனுமதி, அது ஒரு தனிக் கதை.

முத்துராக்கு சுவரைப் பார்த்தது. இன்னும் காயாத சுவர்.

"இடிச்சுருவமா?" என்றது. யாரைக் கேட்டது என்று தெரியவில்லை.

இடித்தால் ஒரு வீடு. ஒரு வீடு என்றால் நாளைக் காலையில் நான் அந்த அம்மா பேரை எடுத்துவிட வேண்டும். அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

செல்லப்பாண்டி கொத்தனாரிடம், "ஒரு செங்கல்ல எடுத்துரு," என்றார்.

"எடுத்தா?"

"தண்ணி ஓஸு நொழையும்ல."

"செவத்துல ஓட்டையா விடவா?"

"ஆமா."

வாத்தியார் சிரித்தார். "நல்ல பாகப்பிரிவினை. வீடு தனித்தனி. தண்ணி மட்டும் கூட்டுக் குடும்பம்."

"தண்ணி வாரப்ப அங்கிட்டு யாரு திருகி விடுறது?" என்றது முத்துராக்கு. "நீங்க பாலவனத்தத்துல இருப்பீக."

அவர் குழாய் இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

கொத்தனார் ஒரு செங்கல்லை உருவினார். ஓட்டை விழுந்தது. அதற்கு மேல் சுவர் எழும்பியது. சாயங்காலம் மேலே கூரை மோட்டைத் தொட்டது.

நான் ரெண்டு பக்கமும் அளந்தேன். பிறகு திண்டாட்டம். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? தனி வீடு என்றால் ஒன்றுக்கொன்று வழி இருக்கக்கூடாது. இது ஓட்டை. வழியா? ஆள் நுழைய முடியாது, கை நுழையும். ஓட்டை என்று எழுதினால் மேலே ஒருவர் ஒரே வீடு என்று அடித்துவிடலாம். எழுதாவிட்டால் பார்த்ததை மறைத்தவன் ஆவேன். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஓட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடப் பயந்தது அன்றுதான்.

எனக்கு முந்தின அந்த பில் கலெக்டர் இருந்தால் கேட்டிருப்பேன். அவர் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தாலும், வாயப் பொத்திக்கிட்டு நில்லு என்றுதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் ஈ.ஓ. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவில்லை. நேரே கேட்டார்.

"ரெண்டும் தனி வீடுதான?"

"நடுவுல சுவரு இருக்கு சார்."

"முழுச் சுவரா?"

"மோடு வரைக்கும் இருக்கு சார்."

அவர் என்னையே பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். கவுண்டரில் யாரோ சத்தம் போடுகிறார்கள், வரி ஏன் இவ்வளவு என்று. போன் அடித்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. முழுசும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டையைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பத்திரம் பதிந்தார்கள். பழைய நம்பரில் செல்லப்பாண்டி பேர் ஏறியது. புது நம்பரில் அந்த அம்மா பேர் அப்படியே நின்றது. முழு வீட்டுக்கும் ரெண்டு தடவை விழுந்த வரி நீங்கி, அவரவர் பங்குக்கு விழுந்தது. தப்பாக வாங்கின ரூபாயைத் திருப்பித் தரவில்லை, அடுத்த வரிக்குக் கழித்துக்கொண்டார்கள். குப்பைக் கட்டணம் மட்டும் ரெண்டு வீட்டுக்கு ரெண்டாகப் போனது. அந்த வீட்டில் குப்பை போடுவது ஒரு ஆள்தான். அதையும் அந்த அம்மா கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

செல்லப்பாண்டி தெற்கு வாசலைத் திறந்து கதவு போட்டார். பூட்டினார். குடிவரவில்லை. அவர் பங்குக்கு வரி மட்டும் போனில் தவறாமல் கட்டினார். அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ரிட்டயர் ஆகிறதற்கு முந்தின வருஷம் நோட்டீஸ் கொடுக்க அந்தப் பக்கம் போனேன். தெற்கு வாசல் திறந்து கிடந்தது. உள்ளே முத்துராக்கு நின்று குழாயைத் திருகிக்கொண்டிருந்தது. ஓஸ் சுவர் ஓட்டைக்குள் போயிருந்தது. சுவரோரம் புண்ணாக்கு மூட்டை அடுக்கு, மோட்டில் பாதி உயரம்.

"சாவி?" என்றேன்.

"குடுத்துட்டாக. தண்ணி வாரப்பெல்லாம் பாலவனத்தத்துல இருந்து வர முடியுமா?"

"மூட்ட?"

"எடம் சும்மாதானண்ணே கெடக்கு. போட்டுக்கங்கன்னாக."

சரக்கு அடுக்கினால் வியாபாரக் கட்டிடம். வரி வேறு கணக்கு. நான் மூட்டையைப் பார்க்காத மாதிரி இருந்தேன். உங்களில் யாருக்கு அந்த வார்டோ அவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதிலும் எது சரி என்று தெரியவில்லை.

"அவுக பங்கையும் நீங்கதான் புழங்குறீக," என்றேன். "பெறகு எதுக்குத் தாயி அந்தச் சுவரு? அம்புட்டு செங்கல்லு, அம்புட்டு அலைச்சல்?"

ஓஸை ஓட்டைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளியது.

"சுவரு இருக்கதாலதான் சாவி குடுத்தாக," என்றது.

நான் அதை யோசித்துக்கொண்டே முடுக்கு வாசலுக்கு வந்தேன். அந்த அம்மா தெற்கு வாசல் வழியாகத் தெருவைச் சுற்றி வந்து நோட்டீசை வாங்கியது. படித்தது. திரும்பவும் கூடியிருக்கிறது.

"வருஷா வருஷம் ஏத்துவீகளாக்கும்? வாசல மாத்துனாலும் விட மாட்டீக, செவத்தக் கட்டுனாலும் விட மாட்டீக. என்ன பாவம் பண்ணுச்சு இந்த ஊரு," என்று வைய ஆரம்பித்தது. முடுக்கு முனை வரை கேட்கிற சத்தம். நான் பேசவில்லை. முடித்துவிட்டு உள்ளே போய் ரூபாய் எடுத்துக்கொண்டு வந்தது. பேரைச் சரியாகப் போட்டிருக்கிறதா என்று ரசீதை என்னையே வாசிக்கச் சொன்னது. வாசித்தேன்.

முத்துராக்கு. அரையாண்டு. அறுநூற்று எழுபத்து நான்கு ரூபாய்.